பாதித் தட்டு கிடையாது

அன்புத் தங்கை மில்லிக்கு,

அண்ணன் ரே எழுதுவது. நானும் என் இடது முழங்காலும் இங்கே ஓரளவு நலம். வலது முழங்காலுக்குத் தனிக் கடிதம் எழுதும் அளவுக்குக் குறைகள் இருக்கின்றன, அதை விட்டுவிடுகிறேன். நீயும், வால்டரும், ஈஸ்டருக்கு நீ படம் எடுத்து அனுப்பிய எலுமிச்சை மரமும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஏரிக் காற்று இந்த ஜூனிலும் ஸ்வெட்டரைக் கழற்ற விடவில்லை என்பதைத் தவிர ஊரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது பொய் என்று எழுதும்போதே தெரிந்துவிட்டது.

1983 மே மாதம் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். பள்ளிக்கூட வாத்திய அறை வாசல். அங்கே இசை ஆசிரியை நீ, உன் கையில் டிரம்போன் பெட்டி. வாத்தியக் குழுவை மூடப் போவதாக நிர்வாகம் அறிவித்திருந்தது. மூடாதீர்கள், நான் பாதிச் சம்பளத்துக்கு வேலை செய்கிறேன் என்று நீ எழுதிக் கொடுத்துவிட்டாய். நான் ஆசிரியர் சங்கத்தின் பள்ளிப் பிரதிநிதி. அந்தக் காகிதத்தை நிர்வாகத்திடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு வந்து உன்னிடம் நீட்டினேன். "என் சம்பளம், ரே அண்ணா. அதுல பாதிய நானே விட்டுக்கொடுக்கறேன். உனக்கு என்ன போச்சு?" என்று கேட்டாய். "விதின்னா விதிதான் மில்லி" என்றேன். முப்பத்தாறு வருடம் பாடம் நடத்தியவன் சொன்ன பதில்களில் அதைவிட மட்டமானது வேறில்லை. அதற்கு நீ இன்னொரு வாக்கியம் சொன்னாய், அது என்னவென்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. சொல்லிவிட்டு டிரம்போன் பெட்டியை என் கால் மேல் வைத்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அந்த வருடமே நீ மேற்குக் கரைக்குப் போய்விட்டாய். வாத்திய அறையில் மல்யுத்தப் பாய்களை அடுக்கினார்கள். போன கிறிஸ்துமஸ் அன்று தொலைபேசியில் அதே கேள்வியை மறுபடி கேட்டாய், இம்முறை டென்னி ஹ்ருஷ்காவுக்காக. எனக்கு இப்போது பதில் தெரியும் என்று நினைக்கிறேன். இருபத்துமூன்று வருடம் தாமதமாக வந்த விடைத்தாளை நான் வாங்கியிருக்கவே மாட்டேன். நீ வாங்கிக்கொள்வாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

டென்னியை உனக்குத் தெரியும், அங்கே உங்கள் ஊர் பேஸ்பால் அணியில் மூன்றாவது பேஸைக் காக்கிறான். ஆனால் அவன் என் வகுப்பில் பின்னக் கணக்கில் இரண்டு முறை தோற்றவன் என்பது உங்கள் ஊர்ப் பத்திரிகைகளுக்குத் தெரியாது. அவனுடைய அப்பா எமில், வார்ப்பாலையில் கிரேன் ஓட்டியவர். மூன்று வேலைநிறுத்தங்களில் ஆலை வாசலில் பலகை பிடித்து நின்றவர், ஒருமுறை பனிப்புயலில் தனியாகவே நின்றவர், அன்று ஆலைக்கு விடுமுறை என்பது அவருக்குத் தெரியாது. போன இலையுதிர்காலத்தில் எமிலின் கண்களைப் பார்த்த டாக்டர், பார்வை வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறது, வரும் கோடைக்கு மேல் நம்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார். டென்னியின் ஒப்பந்தம் உங்கள் அணியோடு இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. அப்பா இந்தக் கோடை முழுவதும் தன்னைப் பார்க்க வேண்டும், அதற்கு நம் ஊர் அணிக்கு வந்துவிட வேண்டும் என்று டென்னி தீர்மானித்தான். உங்கள் அணி அவனை விடத் தயார். நம் ஃபெரிமென் அணியின் முதலாளி, மெத்தைக் கடை கர்டிஸ் வாண்டர்மீர், வாங்கத் தயார். ஆனால் அவ்வளவு சம்பளம் தன்னால் முடியாது, மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துக்கொண்டால் பேசலாம் என்றார். டென்னி யோசிக்கவே இல்லை. மூன்றில் ஒரு பங்கு என்றால் எவ்வளவு என்று அவனுக்குத் தெரிந்திருக்காது என்பது என் சந்தேகம். சரி என்று கையெழுத்துப் போட்டான். கொடுப்பவன், எடுப்பவன், விடுபவன் மூவருக்கும் சம்மதம். அப்போதுதான் ஆட்டக்காரர் சங்கம் கையைத் தூக்கியது. முடியாது என்றது.

ஊர் கொதித்தது. முடிதிருத்தும் ஸ்டான் யூர்கோ, 'சங்கத்துக்காரர்களுக்கு இங்கே முடி வெட்டப்படாது' என்று கடைக் கண்ணாடியில் எழுதி ஒட்டினான். நம் ஊரில் முடி இருக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஏதாவதொரு சங்கத்துக்காரர்கள், மீதிப் பேருக்குச் சங்க ஓய்வூதியம் வருகிறது. ஐந்து நாள் ஸ்டான் தனியாக உட்கார்ந்து வானொலி கேட்டான். ஆறாம் நாள் 'ஆட்டக்காரர் சங்கத்துக்காரர்களுக்கு மட்டும்' என்று ஓரத்தில் சேர்த்தான். அப்படிப்பட்டவர் ஒருவர்கூட அந்தக் கடைக்கு வந்ததில்லை, டென்னியைத் தவிர. டென்னிக்கு முடி இல்லை.

நானும் கொதித்தேன் என்று சொன்னால் நீ சிரிப்பாய். உண்மையில் எனக்கு ஆத்திரத்தைவிடக் குறுகுறுப்புதான் அதிகம். ஒரு மனிதன் குறைவாக வாங்கிக்கொள்கிறேன் என்கிறான், அவனுக்காகவே இருக்கும் சங்கம் கூடாது என்கிறது, இது எந்தக் கணக்கில் சேரும் என்று தெரிந்துகொள்ள நூலகத்துக்குப் போய்ச் சங்கத்துக்கும் முதலாளிகளுக்கும் உள்ள பொது உடன்படிக்கையைக் கேட்டு வாங்கிப் படித்தேன். தூக்கம் வராதவர்களுக்குச் சிபாரிசு செய்வேன். அதில் ஒரு விதி. ஆட்டக்காரனின் ஒப்பந்தத்தைத் திருத்தலாம், ஆனால் அந்தத் திருத்தம் அவனுக்கு ஏதாவதொன்றைக் கூடுதலாகத் தர வேண்டும். வெறுமனே குறைக்க முடியாது. குறைத்தால் அதற்கு ஈடாக உருப்படியான ஒன்று அவன் கைக்கு வர வேண்டும். இதை முடிதிருத்தும் கடையில் சத்தமாகப் படித்தது என் தவறு.

"அவ்வளவுதானா?" என்றான் ஸ்டான். "ஏதாவது ஒண்ணு கூடக் குடுத்தாப் போதுமா? நாம குடுப்போம் வாத்தியாரே. எழுதுங்க."

எழுதினேன். ஒரு வாரத்தில் பட்டியல் நான்கு பக்கம் ஆனது. ஸ்டான் ஆயுள் முழுவதும் இலவச முடிவெட்டு (டென்னியின் தலையைப் பற்றி நான் நினைவுபடுத்தியபோது, "வளரலாம், யாருக்குத் தெரியும்" என்றான்). பந்துருட்டும் கூடத்தில் வியாழக்கிழமைகளில் நான்காம் தடம். குளிர்காலத்தில் வீட்டு வாசல் பனியை வாரித் தருதல். மகள் கல்யாணத்துக்குப் போல்கா வாத்தியக் குழு, அவனுக்கு இரண்டும் பையன்கள் என்றாலும். பங்குக் கோயில் கல்லறைத் தோட்டத்தில் ஏரியைப் பார்த்தபடி ஓர் இடம். வாண்டர்மீரும் செய்தி கேள்விப்பட்டுத் தன் பங்குக்கு, விரும்பும்போதெல்லாம் புது மெத்தை என்று சேர்க்கச் சொன்னார். கணக்கு வாத்தியார் என்பதால் ஒவ்வொன்றுக்கும் எதிரே மதிப்பு எழுதும் வேலை எனக்கு. கூட்டிப் பார்த்ததில் குறைப்புக்கு மேலேயே வந்தது. அது வரும்வரை கூட்டினோம் என்பதுதான் சரி.

பட்டியலைச் சங்கத்துக்கு அனுப்பினோம். பதில் வரவில்லை என்று ஊர் தொலைபேசியில் கூப்பிட்டது. ஊர் என்றால் ஊர். ஒரே நாளில் இருநூறு அழைப்பு போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன், அதில் நாற்பது ஸ்டானுடையது. கடைசியில் மார்ச் மாதம் சங்கத்தின் வழக்கறிஞர் மரியன் கெப்லர் நேரிலேயே வருகிறார் என்று தெரிந்தது. டென்னி பயிற்சி முகாமிலிருந்து ஒரு நாள் விடுப்பில் வந்தான். "என்ன பேசினாலும் எங்கப்பா முன்னால பேசுங்க" என்று இரு தரப்பிடமும் சொல்லியிருந்தான். விமான நிலையத்துப் பக்கத்து ஓட்டலில் சந்திப்பு. எமில் வாசல்வரை போய் நின்றுவிட்டார். அந்த ஓட்டல் சமையலறைக்காரர்களின் சங்கத்தை நிர்வாகம் இரண்டு வருடம் முன்பு கலைத்துவிட்டதாம். "இந்தக் கதவுக்குள்ள என் செருப்புகூடப் போகாது" என்றார். அன்று தவக்கால வெள்ளிக்கிழமை, ஊரே இறைச்சியை விட்டு மீன் சாப்பிடும் நாள். வேறெங்கே போவது. ஆட்டக்காரர் சங்கம், அணி முதலாளி, முப்பத்துமூன்று வயது நட்சத்திரம் எல்லோரும் நம் பங்குக் கோயில் கீழ்த்தள மண்டபத்துக்கு, மீன் வறுவல் விருந்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

அந்த வரிசை உனக்கு நினைவிருக்கும். மாடிப்படி ஏறி, வாசல் தாண்டி, மாதா சிலையைச் சுற்றி நிற்கும். வாண்டர்மீர் நேராக மேசைக்குப் போய் உட்கார்ந்து யாராவது கொண்டுவருவார்கள் என்று காத்திருந்தார். பத்து நிமிடம் யாரும் கொண்டுவரவில்லை. பிறகு எழுந்து வந்து என் பின்னால் நின்றார். மண்டபத்தில் முந்நூறு பேர், முந்நூறு பேரும் கெப்லரைத்தான் முறைத்தார்கள். அந்த அம்மாள் அறுபது வயது இருக்கும், சிறிய உருவம், பெரிய கைப்பை. முறைப்பைக் கவனிக்காதவர் போல உருளைக்கிழங்கு வகைகளை விசாரித்துக்கொண்டிருந்தார்.

பரிமாறும் இடத்தில் பெர்னிஸ். இருபது வருடமாக அதே கரண்டி, அதே முகம். என் தட்டில் நான்கு துண்டு விழுந்தது. வாண்டர்மீர் தட்டை நீட்டி, "எனக்கு ரெண்டு துண்டு போதும்மா. காசு முழுசாவே குடுத்துடறேன்" என்றார்.

"பாதித் தட்டு கிடையாது" என்றாள் பெர்னிஸ்.

"நான்தானே கேக்கறேன். எனக்கு அவ்வளவு சாப்பிட முடியாது."

"முடியலன்னா மிச்சம் வை. இல்லாட்டி வீட்டுக்குக் கட்டிட்டுப் போ. நாங்க போடறது நாலு."

"ஏம்மா, உங்களுக்கு மீன் மிச்சம்தானே?"

"அய்யா, பழைய ஃபாதர் இருந்தப்ப ஒருத்தருக்குப் பாதி போட்டோம். வயத்து வலின்னு கேட்டார், பாவமா இருந்துச்சு. அடுத்த வாரம் அஞ்சு பேர் கேட்டாங்க. அதுக்கு அடுத்த வாரம் ஃபாதர் சமையலறைக்கு வந்து, 'ரெண்டு துண்டுலயே ஜனங்க திருப்தியாத்தானே இருக்காங்க'ன்னார். அந்த வருஷம் ஈஸ்டர் வரைக்கும் ஊருக்கே ரெண்டு துண்டு. எங்க வீட்டுக்காரர் இன்னும் அதைச் சொல்லிக் காட்டறார். தட்டை நீட்டு."

வரிசையில் நின்ற எல்லோரும் தலையாட்டினார்கள். "சரியாச் சொல்றா", "அப்படித்தான் இருக்கணும்" என்றெல்லாம் குரல்கள். ஸ்டான் யூர்கோ எல்லோரையும்விடப் பலமாக, "ஒருத்தனுக்காகக் குறைச்சா எல்லாருக்கும் குறையும், இதுகூடத் தெரியாதா மெத்தைக்காரருக்கு" என்றான். சொல்லிவிட்டு வாயை மூடவில்லை. அப்படியே திறந்தபடி கெப்லரைத் திரும்பிப் பார்த்தான். கெப்லர் தன் தட்டை நீட்டி நான்கு துண்டு வாங்கிக்கொண்டார்.

மேசையில் அந்த அம்மாள் எங்கள் பட்டியலைக் கைப்பையிலிருந்து எடுத்தார். கிண்டல் செய்வார் என்று நினைத்தேன். நான்கு பக்கத்தையும் படித்து, ஓரத்தில் பென்சில் குறிகள் போட்டு வைத்திருந்தார். நல்ல மாணவி மாதிரி.

"இந்தக் கல்லறை இடத்துக்கு மதிப்புப் போட்டது யாரு?"

"நான்தான் மேடம்."

"பக்கத்து இடத்தைவிட மூணு மடங்கு போட்டிருக்கீங்க."

"அங்கிருந்து ஏரி தெரியும்."

"யாருக்கு?"

நான் முட்டைக்கோஸ் சாலட்டைப் பார்த்துக்கொண்டேன். எமில் சிரித்த சிரிப்பில் மேசை ஆடியது. அதன் பிறகு கெப்லர் பட்டியலை மடித்து வைத்துவிட்டு டென்னியைப் பார்த்தார். "தம்பி, இதெல்லாம் இருக்கட்டும். நெஜமாச் சொல்லுங்க. இங்க வந்தா உங்களுக்கு என்ன கிடைக்குது? உருப்படியா ஒண்ணு சொன்னீங்கன்னா நான் எழுதிக்கறேன். எனக்கும் இதை எப்படியாவது முடிச்சுக் குடுக்கணும்னுதான் இருக்கு."

டென்னி அப்பாவைப் பார்க்கவில்லை. "எங்கப்பா பார்ப்பார் மேடம். இந்த ஒரு கோடை. அது போதாதா?"

பெர்னிஸின் கரண்டி பாத்திரத்துக்கு மேல் நின்றுவிட்டது. முந்நூறு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. கெப்லர் காகிதக் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"போதும். ஏன் போதாது? எல்லாத்தையும்விடப் பெருசுதான். அதனாலதான் அதை எழுதப் பயமா இருக்கு. இன்னிக்கு அதுக்கு நான் ஒரு விலை எழுதிட்டேன்னா, அடுத்த வருஷம் ஒவ்வொரு முதலாளியும் அதைக் கழிச்சுக் காட்டுவான். 'உங்கம்மா இந்த ஊர்லதானே இருக்காங்க, உனக்கு எதுக்கு முழுச் சம்பளம்'ம்பான். 'உன் கொழந்தை ஸ்கூல் பக்கத்துலயே இருக்கே, அதுல இவ்வளவு கழிச்சுக்கோ'ம்பான். நீங்க பெரிய ஆட்டக்காரர், உங்களால தாங்க முடியும். போன வருஷம் சேர்ந்த பையன் ஒருத்தன், அவனுக்கும் ஒரு அப்பா இருப்பார் இல்லையா."

வாண்டர்மீர் தொண்டையைக் கனைத்தார். "நான் அப்படியெல்லாம் செய்யமாட்டேன் மேடம்."

"நீங்க செய்யமாட்டீங்க. உங்களுக்கு அடுத்து வர்றவர் உங்க கையெழுத்தைக் காட்டிச் செய்வார்" என்றார் கெப்லர், மிக மரியாதையாக.

மில்லி, உன் கேள்விக்குப் பதில் அந்த மேசையில் இருந்தது. நான் உதாரணம் இல்லாமல் எதையும் புரிந்துகொள்ளாதவன், எனவே என் உதாரணத்தைக் கேள். வெள்ளிக்கிழமை மாலை, மணி அடிக்க ஒரு நிமிடம். இருபத்தேழு பிள்ளைகள். நான் வீட்டுப்பாடம் கொடுக்க மறந்துவிட்டேன். முதல் வரிசையில் ஒரு நல்ல பிள்ளை கையைத் தூக்கி, "சார், வீட்டுப்பாடம் தரலையே" என்கிறது. அந்தப் பிள்ளைக்குக் கணக்கு பிடிக்கும், அது செய்துகொள்ளட்டும், யாருக்கு என்ன போச்சு? மற்ற இருபத்தாறு பிள்ளைகளைக் கேட்டுப் பார். 1983இல் நீதான் அந்த முதல் வரிசைப் பிள்ளை. நீ பாதிக்குச் சம்மதித்திருந்தால் அடுத்த மாதம் ஓவிய ஆசிரியரிடமும், அதற்கடுத்து நூலகரிடமும் உன் காகிதத்தைத்தான் காட்டியிருப்பார்கள். இதை நான் அன்றே சொல்லியிருக்க வேண்டும். 'விதின்னா விதிதான்' என்று சொன்னது, கணக்கின் வழியைக் காட்டாமல் விடையை மட்டும் எழுதியது போல. அதற்கு நான் மதிப்பெண்ணே போடுவதில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. டென்னி அப்பா பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்கப்பா. சண்டை போடவா? கோர்ட்டுக்குப் போனா ஜெயிக்கலாம்ங்கறாங்க" என்றான்.

எமில் மீன் முள்ளை நிதானமாக எடுத்தார். விரலால் தடவித் தடவித்தான் எடுத்தார், எனக்கு அதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. "டென்னி, நீ கொறைச்ச கூலிக்கு ஆடினா நான் மைதானத்துக்கு வரமாட்டேன். வாசல்ல நிப்பேன், பலகை பிடிச்சுக்கிட்டு. அந்த அம்மா பக்கம் நின்னு, என் புள்ளைக்கு எதிரா."

"பலகைல என்ன எழுதியிருக்குன்னு உங்களுக்கே தெரியாதுப்பா."

"அதை மத்தவன் படிப்பான். எனக்கு எதுக்கு?"

அப்பாவும் மகனும் சிரித்தார்கள். டென்னி சிரித்துக்கொண்டே முகத்தைக் காகிதக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டான். வாண்டர்மீர் தன் நான்கு துண்டையும் சாப்பிட்டு முடித்திருந்தார். ஒப்பந்தம் அன்றே இறந்தது. ஸ்டான் தன் கடைக் கண்ணாடியில் ஒட்டியதைக் கிழித்துவிட்டு, 'முழுத் தலைக்கு மட்டும்' என்று எழுதி வைத்தான். அதன் பொருள் யாருக்கும் புரியவில்லை, அவனுக்கும்கூட.

இப்போது ஜூன். போன வாரம் உங்கள் அணி இங்கே மூன்று ஆட்டங்களுக்கு வந்தது, உனக்கே தெரியும். இந்த வருடம் ஒரே முறைதான் வருகிறது. எமிலின் கண் இன்னும் மோசம். டென்னி இரண்டு டிக்கெட் அனுப்பியிருந்தான், மூன்றாவது பேஸுக்குப் பின்னால் முதல் வரிசை. துணைக்கு நான் போனேன். முதல் சுற்று. டென்னி எங்களுக்கு எதிரே, கூப்பிடு தூரத்தில் நிற்கிறான். எமிலோ முகத்தைத் திருப்பிக்கொண்டு மைதானத்தின் மறுகோடியில் முதல் பேஸையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பின்வரிசையில் ஒருவன், "பாருடா, பெருசு இன்னும் மகன் மேல கோவமா இருக்கு" என்றான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மோசமானது என்னவென்றால் டென்னிக்கும் தோன்றிவிட்டது. அவன் எங்களை ஒருமுறை பார்த்தான், இன்னொரு முறை பார்த்தான். இரண்டாம் சுற்றில் ஒரு குழந்தைகூடப் பிடிக்கக்கூடிய பந்து அவன் கால்களுக்கு நடுவே உருண்டு போனது. நம் ஊர்க்காரர்கள் ஆரவாரம் செய்தார்கள், பிறகு யாருடைய தவறுக்குச் செய்கிறோம் என்று புரிந்து ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "எமில், அவன் இந்தப் பக்கம் நிக்கறான். நீங்க ஏன் அங்க பாக்கறீங்க?"

"அவனைப் பாக்கத்தான்."

"என்னது?"

"நேரா பாத்தா நடுவுல ஒரே புகை, வாத்தியாரே. ஓரம் மட்டும் இன்னும் தெரியுது. முதல் பேஸைப் பாத்தா மூணாவது பேஸ் ஓரத்துல வந்து நிக்கும். டாக்டர் சொல்லிக் குடுத்தார். மூணு மாசமா வீட்ல பழகினேன். குளிர்பெட்டியைப் பாத்துக் கடிகாரத்தைப் படிக்கறேன் இப்ப."

நான் எழுந்து நின்றேன். மைதானத்தில் சத்தம் போடுவது எனக்குப் பழக்கமில்லை, ஆனால் கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல் இன்னும் இருக்கிறது. "டென்னி! அப்பா உன்னைத்தான் பாக்கறார்!"

அவன் கையுறையால் வாயை மறைத்துக்கொண்டு பதில் சொன்னான். "அவர் ஃபர்ஸ்ட் பேஸைப் பாக்கறார் சார்."

"அதைப் பாத்தாத்தான் நீ தெரியறியாம்! கண்ணு ஓரத்துல!"

அவன் கையுறையை இறக்கினான், புருவம் மேலே ஏறியது. பின்னக் கணக்கு புரியும்போது அவன் முகம் அப்படித்தான் ஆகும், நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். "உக்காருய்யா வாத்தியாரே" என்று பின்னாலிருந்து குரல்கள். உட்காரப் போனேன். அப்போது எமில் மெல்லச் சொன்னார். "அந்த வலைக் கம்பி கொஞ்சம் மறைக்குது. ரெண்டடி உள்ள தள்ளி நின்னான்னா முழுசாத் தெரிவான்."

நான் செய்ததை எப்படி நியாயப்படுத்துவது என்று தெரியவில்லை. முப்பத்தாறு வருடப் பழக்கம். "டென்னி, ரெண்டடி உள்ள தள்ளி நில்லு" என்றேன், வகுப்பில் சொல்வது போல. அவன் தன் அணி மேலாளரைக் கேட்கவில்லை, சங்கத்தைக் கேட்கவில்லை. இரண்டு அடி உள்ளே தள்ளி நின்றான். எமில், "ஆங்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அடுத்த பந்து அவன் முன்பு நின்ற இடத்துக்கும் எல்லைக் கோட்டுக்கும் நடுவே பறந்தது. நம் ஆள் ஒருவன் ஓடி வந்து சேர்ந்து ஓட்டம் எடுத்தான். கடைசியில் ஆட்டம் அந்த ஒரே ஓட்ட வித்தியாசத்தில் முடிந்தது, நமக்கு வெற்றி. வாண்டர்மீர் மேலே கண்ணாடி அறையிலிருந்து கை தட்டிக்கொண்டிருந்தார். மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்ள டென்னி எத்தனை காகிதம் எழுதினான், எத்தனை பேர் கூடிப் பேசினோம். அந்த இரண்டு அடியை அவன் விட்டுக்கொடுத்ததற்கு எந்த உடன்படிக்கையிலும் விதி இல்லை. நான் நூலகத்தில் மறுபடி தேடிப் பார்த்துவிட்டேன். உங்கள் ஊரில் யாராவது அந்தப் பந்தைப் பற்றிக் கேட்டால், உன் அண்ணனுக்கு அதில் தொடர்பு இருப்பதாகச் சொல்லாதே.

ஆக, நீ கேட்டதற்கு என் பதில் இதுதான்: ஒருவர் விட்டுக்கொடுப்பது அவரோடு நிற்பதில்லை, எனவே சங்கம் செய்தது சரி, 1983இல் நானும் சரி, சொன்ன விதம் மட்டும் தவறு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன், காலில் வைத்த பெட்டிக்கு நீ கேட்க வேண்டியதில்லை. வால்டருக்கு என் வணக்கம், எலுமிச்சை மரத்துக்கு நிறைய காய். நம் இருவர் வீட்டிலும் முழங்கால்கள் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
ரேமண்ட் செட்லாக்

பின்குறிப்பு: மேலே எழுதியதை உறையில் போட்டு ஒட்டிவிட்டு மறுபடி பிரிக்கிறேன். செவ்வாய், வியாழன்களில் நான் பழைய பள்ளியில் பின்னக் கணக்கில் தடுமாறும் பிள்ளைகளுக்குச் சும்மா பாடம் சொல்லிக் கொடுக்கிறேன் என்பதை உனக்கு எழுதவில்லை. உன் வாத்திய அறையில்தான், பாய்களை ஓரமாகத் தள்ளிவிட்டு. இன்று காலை இப்போதைய சங்கப் பிரதிநிதி, செல்வி டெல்கடோ என்ற இளம் ஆசிரியை, ஒரு காகிதத்தோடு வந்தாள். நான் சும்மா செய்வதால் கணக்கு உதவியாளர் பணியிடத்தை நிர்வாகம் எடுத்துவிட்டதாம், நான் நிறுத்த வேண்டுமாம். பையன் ஒருவனுக்கு ஏழில் மூன்று என்றால் என்ன என்று அப்போதுதான் பிடிபட்டிருந்தது. "என் நேரம்மா. அதை நானே விட்டுக்கொடுக்கறேன். உனக்கு என்ன போச்சு?" என்று கேட்டேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று தெரிந்தது. அவள், "விதின்னா விதிதான் சார்" என்றாள். வியாழக்கிழமையும் போகத்தான் போகிறேன். எனவே நீ அன்று அதற்குச் சொன்ன இரண்டாவது வாக்கியம் எனக்கு அவசரமாகத் தேவை, மறுதபாலில் எழுதி அனுப்பு. எழுத உட்காரும் முன் ஒன்று செய்து பார்: சன்னலருகே நின்று உன் வீட்டுத் தபால்பெட்டியை மட்டும் உற்றுப் பார்த்தபடி, எலுமிச்சை மரத்தில் எத்தனை காய் என்று எண்ணு.